கண்டியில் சின்னப் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?

கொழும்பிலிருந்து மாற்றலாகிக் கண்டிக்கு வந்திருக்கிறீர்கள். மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டு. சொந்த வாகனம் இல்லை, கணவருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. யாரைக் கேட்டாலும் தலதா மாளிகை (புத்தரின் தந்த தாது இருக்கும் கோவில்), பேராதனைப் பூங்கா, நுவரெலியா என்று மூன்றையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி வேறு இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேறு இடங்கள் நிறைய உண்டு, சொல்கிறேன். ஆனால் அந்த மூன்றையும் தள்ளிவிட வேண்டாம். சுற்றுலா வருகிறவர்கள் காலையில் மாளிகை, பத்து மணிக்குப் பூங்கா, மத்தியானம் தேயிலைத் தொழிற்சாலை, பின்னேரம் கண்டிய நடனம் என்று ஒரே நாளில் ஓடுவார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. நீங்கள் இங்கேயே குடியிருப்பவர்கள். ஒரு ஞாயிற்றுக்கு ஒரே ஒரு இடம், அதுவும் அரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சின்னவள் தூங்குகிற நேரமும் தப்பாது.

காலையில் போகச் சொல்வதற்கு மழையும் ஒரு காரணம். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரையும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் மலைநாட்டில் காலை பளிச்சென்று இருக்கும். இரண்டு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். மே தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று. அது ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் விடாமல் பெய்யும். கண்டிக்குள் அவ்வளவு இல்லை. ஜனவரி தொடக்கம் மார்ச் நடுப்பகுதி வரைதான் நல்ல காலம். தூரப் பயணங்களை அந்த மாதங்களுக்கு எடுத்து வையுங்கள்.

முதலில் பேராதனை. 1821இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. டவுனிலிருந்து பஸ்ஸில் ஏறினால் வாசலிலேயே இறங்கலாம். பெரியவர்கள் போனால் ஓர்கிட் மண்டபம், வாசனைத் திரவியத் தோட்டம், மரத்தில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகைகள் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவர்களை நேரே நடுவில் இருக்கும் பெரிய புல்வெளிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே கிளைகளை நாலாபக்கமும் பரப்பிக்கொண்டு ஒரு ஜாவா அத்திமரம் நிற்கிறது. அதன் வேர்கள் ஐந்து வயதுப் பையனின் இடுப்பளவுக்கு மேலெழும்பிச் சுவர் சுவராக ஓடுகின்றன. ஒளிந்து விளையாட அதைவிட நல்ல இடம் கண்டியில் கிடையாது. புல்லில் ஒரு பெட்சீட்டை விரித்துச் சின்னவளை இறக்கிவிட்டால் ஒரு மணி நேரம் உங்களுக்கு ஓய்வு.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டலாம். இராட்சத மூங்கில் ஒன்று. மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு ஓரடி வரைகூட வளரும். மகனைக் குருத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் போய் அதே குருத்தைத் தேடச் சொல்லுங்கள். நாகலிங்க மரம் இன்னொன்று. பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் நட்டது. பிள்ளைகளுக்கு மன்னர் முக்கியமில்லை, மரத்தண்டிலேயே பீரங்கிக் குண்டு மாதிரி தொங்குகிற காய்கள்தான் முக்கியம். மரத்துக்கு நேர் கீழே நிற்க விடாதீர்கள். விண்வெளிக்கு முதலில் போன யூரி ககாரின் 1961இல் வந்து நட்ட மரமும் பூங்காவுக்குள் இருக்கிறது. ரொக்கட் மேல் ஆசையுள்ள பையன் என்றால் தேடிப் பிடிக்கலாம்.

எல்லாவற்றையும்விட வௌவால்கள். பெரிய பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் பகலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சண்டை பிடிக்கும், சிறகை விரித்து விசிறிக்கொள்ளும். பேராதனையில் எது பிடித்தது என்று வீட்டுக்கு வந்த பிறகு எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் பூவைச் சொல்லாது, இதைத்தான் சொல்லும். ஆற்றுக்கு மேலே ஒரு தொங்குபாலம் இருக்கிறது, ஒரே நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள். பெரியவன் குதித்துக்கொண்டு போவான், சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள். உள்ளே பாதைகள் தார் போட்டவை என்பதால் தள்ளுவண்டி ஓடும். கண்டியில் தள்ளுவண்டி பயன்படுகிற இடமே இது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மூங்கில் புதருக்குப் பின்னால் குடையை விரித்துக்கொண்டு ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள். "மழை இல்லையே, ஏன் குடை?" என்று மகன் சத்தமாகக் கேட்பான். பதிலை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.

பூங்காவுக்கு எதிரே பல்கலைக்கழகம். குன்றின் மேல் குறிஞ்சிக் குமரன் கோவில் இருக்கிறது. மாணவர்கள் கட்டியெழுப்பிப் பராமரித்துவரும் கோவில். நடை கொஞ்சம் ஏற்றம், ஓட்டோ பிடித்துப் போய்விட்டு இறங்கி நடந்து வருவது நல்லது. பூங்காவையும் கோவிலையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமையோ விசேஷ நாளோ வந்தால் தனியாகப் போகலாம்.

தலதா மாளிகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதாக இருந்தால் வரிசையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டாம். வளாகத்துக்குள்ளேயே ராஜா யானைக்கு ஒரு நூதனசாலை இருக்கிறது. பல ஆண்டுகள் பெரஹரா என்கிற யானை ஊர்வலத்தில் தந்த தாதுப் பேழையைச் சுமந்து, 1988இல் இறந்த யானை. அதன் உடலைப் பதப்படுத்தி உயிரோடு நிற்கிற மாதிரியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சின்னவள் பயப்படக்கூடும், பெரியவன் நகர மாட்டான். மாலைப் பூசை நேரத்தில் போனால் மேளச் சத்தத்துக்கே பிள்ளைகள் ஆடத் தொடங்கிவிடுவார்கள்.

ஆடி, ஆவணியில் பெரஹரா வரும். எல்லோரும் கடைசி இரவுகளின் ரந்தோலி பெரஹராவுக்கு அடித்துப் பிடித்துப் போவார்கள். மத்தியானமே இடம் பிடித்து இரவு பத்து, பதினொரு மணி வரை நடைபாதையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையோடு முடியாத காரியம். முதல் ஐந்து இரவும் நடக்கிற கும்பல் பெரஹராவுக்குப் போங்கள். யானைகள் குறைவு, கூட்டமும் குறைவு, சாட்டை அடிப்பவர்களும் தீப்பந்தம் சுழற்றுகிறவர்களும் வருவார்கள். அதுவே பிள்ளைகளுக்குத் தாராளம். முடிவில் ஒரு பகல் பெரஹராவும் உண்டு. இரவில் விழித்திருக்க முடியாத வீட்டுக்காரர்களுக்கு அது வசதி.

கண்டி வாவிக்கரை பின்னேரத்துக்கு உரியது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல்வெளியை மறித்துக் கட்டிய குளம். சுற்றிவர மூன்று கிலோமீட்டருக்கு மேல், அதனால் முழுதாகச் சுற்ற நினைக்காதீர்கள். ஒரு கரையில் கால் மணி நேரம் நடந்தால் மீன், ஆமை, நீர்க்காகம், சில வேளை சுவரோரம் நெளிந்து போகிற கபரகொய்யா என்கிற பெரிய உடும்பு எல்லாம் பார்க்கலாம். மரங்களில் கொக்குகள் அடைகிற நேரம், தலைக்குத் தொப்பி அவசியம். ரோட்டில் வாகன நெருக்கடி அதிகம், பிள்ளைகளை உட்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மழை பிடித்துக்கொண்டால் ஓடி ஒதுங்க கண்டி சிட்டி சென்டர் பக்கத்திலேயே இருக்கிறது; சுத்தமான மலசலகூடத்துக்கும் அதுதான்.

மாளிகைக்குப் பின்னால் ஏறினால் உடவத்தகலைக் காடு. நகரத்தின் நடுவில் 100 ஹெக்டேயருக்கு மேல் இப்படி ஒரு காடு இருப்பதே பெரிய கொடுப்பினை. ஆனால் மழை பெய்து இரண்டு நாள் ஆகாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். அட்டை! காலுக்கும் சப்பாத்துக்கும் டெட்டோலோ சவர்க்காரமோ தடவிக்கொண்டு, நீளக் காலுறையைக் காற்சட்டைக்கு மேல் இழுத்துவிட்டுப் போக வேண்டும். கடித்துவிட்டால் பிய்த்து எடுக்காமல் கொஞ்சம் உப்போ தேசிக்காய்ப் புளியோ வைத்தால் தானாக விழுந்துவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் வழியும், ஆபத்தில்லை. அதைக் கண்டு நீங்கள் பதறினால் பிள்ளையும் பதறும். கையில் சொப்பிங் பேக் தெரிந்தால் குரங்குகள் பின்னாலேயே வரும், சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, குளவி. மலைநாட்டில் பாறை இடுக்கிலும் பெரிய மரங்களிலும் குளவிக் கூடுகள் உண்டு, தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்கள் அடிக்கடி கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போவது நீங்களும் கேள்விப்பட்டதுதான். மகனுக்குக் கல்லெறிகிற பழக்கம் இருந்தால் காட்டுக்குள் போகிற நாளில் அதை நிறுத்திவையுங்கள்.

தேயிலைக்கு வருகிறேன். டவுனிலிருந்து ஓட்டோவில் எட்டுகிற தூரத்தில் ஹந்தானையில் இலங்கைத் தேயிலை நூதனசாலை. 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலை, 2001இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். கீழ்த்தட்டில் பழைய உருட்டு இயந்திரங்களும் நீராவி எஞ்சின்களும் நிற்கின்றன, பிள்ளைகள் அவற்றைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற கடிதங்களும் கோப்பைகளும் அவர்களுக்குச் சலிப்பு. நேரே உச்சித் தட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துக்கொண்டு மலையைப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் உங்கள் கணவரின் ஊர் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தேயிலை காட்ட வேறெங்கும் போகவே தேவையில்லை. ஒரு நீண்ட விடுமுறையில் பிள்ளைகளைத் தாத்தா பாட்டி வீட்டில் விடுங்கள். லயத்துக்கு (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் மரக்கறிப் பாத்தி, மாட்டுப்பட்டி, பீலித் தண்ணீர், அந்திக்குக் கொழுந்து நிறுக்கிற இடம், கொழுந்து லொறி வந்து போகிற ஸ்டோர். இதையெல்லாம் பார்க்க வெளிநாட்டவர் காசு கொடுக்கிறார்கள். மாசியில் காமன் கூத்து நடக்கிற தோட்டமாக இருந்தால் அந்த நாட்களைப் பார்த்துப் போங்கள். ரதி மன்மதன் வேஷம், தப்பு மேளம், தீப்பந்தம் என்று பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். தோட்டத்துக் கோவில் திருவிழாவும் அப்படித்தான், கரகம், காவடி, பலூன் கடை, ஐஸ்பழம் எல்லாம் ஒரே இடத்தில்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் ஆட்களே சிலர் வான் வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் அம்மாக்களை நிமிரச் சொல்லி, பிள்ளைகளை நடுவில் நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு அன்றைய கிலோக் கணக்கு இருக்கிறது. வேலை முடிகிற நேரத்தில் பாட்டியோடு மலைக்குப் போய்க் கூடையைத் தூக்கிப் பார்க்க விட்டால் பிள்ளைக்கு அதில் நூறு மடங்கு விளங்கும். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் காம்பரா (லயத்து அறை) எப்படி இருந்தது, என்னென்ன புழங்கினார்கள் என்று பார்க்கலாம். ஹந்தானையில் இல்லாத பாதிக் கதை அங்கேதான். மகன் இன்னும் இரண்டு வருடம் வளர்ந்த பிறகு, போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு கூட்டிப்போங்கள்.

அடுத்தது ரயில். மலைநாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான, இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. எங்கே போகிறோம் என்பதே அவர்களுக்குப் பொருட்டில்லை, கோச்சியில் ஏறினால் போதும். 1867இல் கண்டிக்கு வந்த பாதை இது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம், இடையிடையே சுரங்கம். சுரங்கம் வந்ததும் பெட்டி முழுக்கக் கூச்சல் போடுவார்கள், உங்கள் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். வடைக்காரர் வருவார். மிளகாய் இல்லாத பக்கமாகக் கிள்ளிக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையையும் ரோடுகளையும் பல இடங்களில் உடைத்துப் போட்டது. அதனால் பழைய நேர அட்டவணையை நம்பிப் புறப்படாமல், எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று கண்டி ஸ்டேஷனில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ரயில் இல்லாவிட்டால் கீழே சொல்கிற கடுகண்ணாவைக்குக் கொழும்பு பஸ்ஸிலும் போகலாம்.

கடுகண்ணாவையில் ஸ்டேஷனை ஒட்டியே தேசிய ரயில் நூதனசாலை இருக்கிறது. இலங்கை ரயில்வேயின் 150 ஆண்டு நிறைவையொட்டி 2014 டிசம்பரில் திறந்தார்கள். பழைய எஞ்சின்கள், ரயில் பஸ், சிக்னல் நெம்புகோல்கள், பழைய டிக்கட் இயந்திரங்கள். இடம் சின்னதுதான், ஆனால் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். ஐந்து வயதுப் பையனுக்கு அரை நாள் ஓடிவிடும். அதோடு கொழும்பு ரோட்டில், பாறையைக் குடைந்து அந்தக் காலத்தில் ரோடு போட்ட ஓட்டையைக் காட்டுங்கள். 1820களில் வெட்டியது. இப்போது பெரிய ரோடு அதற்கு வெளியால் போகிறது, ஓட்டைக்குள் நடந்து போய்க் குரல் கொடுத்துப் பார்க்கலாம். இந்தப் பட்டியலில் பேராதனைக்கு அடுத்து நான் சொல்லுவது இதைத்தான்.

கடுகண்ணாவையைத் தாண்டி ரம்புக்கனையில் இறங்கினால் பின்னவலை யானைகள் சரணாலயத்துக்கு ஓட்டோவில் போகலாம். மலைக்குக் கீழே இருக்கிற இடம், வெயில் கூட. 1975இலிருந்து நடக்கிறது. காலை பத்து மணியளவில் யானைகளை மா ஓயாவுக்குக் குளிக்கக் கூட்டி வருவார்கள். அதைப் பார்க்கிற மாதிரி நேரத்தை வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி. சங்கிலியைப் பார்த்து மகன் கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். யானைமேல் ஏறிச் சவாரி போகலாம் என்று சுற்றுவட்டாரத்தில் கூப்பிடுகிறவர்கள் இருப்பார்கள், நான் ஏற்றமாட்டேன்.

மறுபக்கம் மாத்தளை. முத்துமாரியம்மன் கோவில் ராஜகோபுரம் 108 அடி. மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும், அந்த நாளில் டவுனே நிரம்பி வழியும். இரண்டு வயதுப் பிள்ளையோடு அந்த நெரிசலில் வடத்துக்குக் கிட்டப் போக வேண்டாம், காலையில் தேர் அலங்காரத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சாதாரண நாளில் போனால் கோவில் பிரகாரத்தில் ஆறுதலாக ஓடி விளையாடலாம். பக்கத்து அலுவிகாரை குகை விகாரைக்கும் சிலர் போகச் சொல்வார்கள். பாவம் செய்தவர்களை நரகத்தில் எப்படியெல்லாம் வதைப்பார்கள் என்று அங்கே வர்ணத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி தூக்கம் போய்விடும், பிள்ளைகளுக்கு இல்லாவிட்டாலும் உங்களுக்கு. வழிநெடுக வாசனைத் திரவியத் தோட்டங்கள் உண்டு. சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் எண்ணெய்ப் போத்தலைக் கையில் திணிப்பார்கள், கறுவாப் பட்டையை முகர்ந்துவிட்டுக் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

நுவரெலியா ஒரு நாளில் போய்வருகிற ஊர் இல்லை, பிள்ளைகளோடு நிச்சயமாக இல்லை. கண்டியிலிருந்து எண்பது கிலோமீட்டர் அளவுதான், ஆனால் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து 1,868 மீட்டருக்கு ஏற வேண்டும். றம்பொடை வளைவுகளில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுக்கும். ஒரு லோங் வீக்கெண்ட் பார்த்து, ஒரு இரவு தங்குகிற மாதிரி போங்கள். ஏப்ரல் சீசனில் போகவே போகாதீர்கள். குதிரைப் பந்தயம், கார் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று ஊர் நிரம்பியிருக்கும், அறை வாடகை இரண்டு மூன்று மடங்கு, கிரகரி வாவியைச் சுற்றி நடக்க இடமிருக்காது.

போகிற வழியே பாதிப் பயணம். றம்பொடையில் ஒரு ரோட்டுச் சுரங்கம் வருகிறது, 225 மீட்டர், நாட்டிலேயே நீளமான ரோட்டுச் சுரங்கம். நீர்வீழ்ச்சியை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். பக்கத்தில் ஆஞ்சநேயர் கோவில், நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குப் பெரிய சிலை. வான் பிடித்துப் போனால் இங்கே முக்கால் மணி நேரம் நிறுத்தி வயிற்றை ஆறவிடுங்கள். பிறகு லபுக்கலையில் தேநீர். அங்கே தொழிற்சாலைக்குள்ளும் சுற்றிக் காட்டுவார்கள். வாட்டுகிற தட்டில் கொழுந்து காய்கிற வாசத்தைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ஊருக்குள் விக்டோரியா பூங்கா. சமதரை, பூப்பாத்தி, சின்னவர்கள் விளையாட ஒரு பகுதி, பறவை பார்க்கிறவர்கள் தூரதர்சினியோடு அலைவார்கள். பூங்காவிலிருந்து கொஞ்ச தூரத்தில் சிவப்புச் செங்கல்லில் 1894இல் கட்டிய தபாற்கந்தோர். ஒரு போஸ்ட்கார்ட் வாங்கி, மகனையே முத்திரை ஒட்டவைத்து, கொழும்பில் இருக்கிற அம்மம்மாவுக்குப் போடச் சொல்லுங்கள். நீங்கள் கண்டிக்குத் திரும்பி வந்த பிறகு கடிதம் கிடைத்ததென்று அம்மம்மா போன் எடுப்பார், பயணம் இன்னொரு தரம் நடக்கும். கிரகரி வாவி 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் கட்டியது, அன்னப் படகு மிதிக்கலாம், லைஃப் ஜாக்கட் பிள்ளையின் அளவுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். கரையில் மட்டக்குதிரைச் சவாரி. குதிரைகள் பல இளைத்துப் போய்த்தான் நிற்கின்றன, தலைக்கவசம் எதுவும் தர மாட்டார்கள். தடவிப் பார்க்க விட்டுவிட்டு நகர்வதே என் வழக்கம்.

அடுத்த நாள் காலையில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அம்பேவலையா ஹக்கலையா என்று. உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு என் வாக்கு அம்பேவலைப் பண்ணைக்கு. கறுப்பு வெள்ளை மாடுகள், கன்றுகள், முயல், ஆடு, தூரத்தில் காற்றாலை, குடிக்கக் குளிர்ந்த பால். நல்ல குளிர்க் காற்று அடிக்கும், காதை மூடுகிற தொப்பி வேண்டும். ஹக்கலை 1861இல் மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிப் பூந்தோட்டமானது. ரோஜாக்கள் அழகு, ஆனால் சரிவும் படியும் அதிகம். போகிற வழியில் சீதாஎலிய சீதை அம்மன் கோவில். ஓடைக்கரைப் பாறையில் பெரிதும் சிறிதுமாகக் குழிகள், அனுமனின் பாதம் என்பார்கள். இராமாயணக் கதையை முதல் நாள் இரவே படுக்கையில் சொல்லி வைத்தால் மகன் ஒவ்வொரு குழியிலும் காலை வைத்துப் பார்ப்பான். பாறை வழுக்கும். குரங்குகள் இங்கேயும் உண்டு.

இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுகிற இடங்கள்: கம்பளை அம்புலுவாவக் கோபுரம். படங்களில் அழகாக இருக்கும், 48 மீட்டர் உயரம், வெளிப்புறமாகச் சுற்றி ஏறுகிற படி மேலே போகப் போக ஒருவர் நுழைகிற அளவுக்குக் குறுகும், கைப்பிடிச் சுவரும் தாழ்வு. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற மலை விளிம்புக்குப் போய்த் திரும்ப ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், நடுவில் நிழலும் இல்லை, விட்டுத் திரும்ப வழியும் இல்லை. சிவனொளிபாதமலை பெரியவனுக்கே பத்து வயதுக்கு மேல் பார்க்கலாம். எல்ல ஒன்பது வளைவுப் பாலம் கண்டியிலிருந்து தூரம். அதைவிட, தண்டவாளத்தில் ஆட்கள் நிற்கிற அந்தக் கூட்டத்தில் இரண்டு வயதுப் பிள்ளையை விட எனக்குத் துணிவில்லை. ஹப்புத்தளை, பண்டாரவளை போகிற காலம் வந்தால் அதிசம் பங்களாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பழத்தில் செய்த ஜாம் விற்பார்கள்.

பஸ்ஸில் குமட்டுகிற பிள்ளைக்கு வெறும் வயிறும் ஆகாது, பால் குடித்த வயிறும் ஆகாது. புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன் பாணோ மாரி பிஸ்கட்டோ கொடுத்து, முன் சீட்டில் கண்ணாடியோரம் உட்கார வைத்து, தூர மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். போனைக் கையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் வாந்திதான். தேசிக்காய் ஒன்றைக் கையில் கொடுத்து முகரச் சொல்வது நம் ஆட்களின் வைத்தியம், பல பிள்ளைகளுக்குக் கேட்கிறது. இரண்டு சொப்பிங் பேக், ஒரு மாற்றுடுப்பு, உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை. சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். கடையில் பட்டிஸ், ரோல்ஸ் எல்லாம் உறைப்பு, கோழிக்கூட்டு வாழைப்பழமும் அவித்த முட்டையும் எங்கேயும் உதவும். அரச இடங்களில் உள்நாட்டவருக்கு டிக்கட் மலிவு, அடையாள அட்டையைக் கொண்டு போங்கள்.

கடைசியாக, அடைமழை தொடர்ந்து பெய்கிற நாட்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி அமைப்பு மாவட்ட வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும், வானொலியிலும் போனிலும் வரும். கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை என்று பெயர் வந்தால் அந்த வாரம் மலை ரோட்டில் ஏறாதீர்கள், அறைக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும். அந்த ஞாயிற்றைப் பிள்ளைகளோடு வீட்டிலேயே கழியுங்கள்.